பன்னிரண்டு நாற்காலி, ஒரு கேள்வி: ஊரில் சண்டையில்லாமல் அரசியல் பேசுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் நடத்திய முதல் கூட்டம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துபோனது. "இலவசங்கள் தேவையா?" என்று தலைப்பு வைத்திருந்தோம். நூலகத்தை ஒட்டிய அறையில் பதினான்கு பேர். இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மகளிர் பேருந்தைப் பற்றிப் பேசும்போது "ஓசி டிக்கெட்" என்றார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா மடியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அவர் பின்னாலேயே இன்னும் மூன்று பேர். மிச்சம் இருந்தவர்கள் எந்தத் தலைவர் யோக்கியர் என்ற பழைய பஞ்சாயத்தில் இறங்கிவிட்டார்கள். வாங்கி வைத்த வடையில் பாதி மீந்துவிட்டது.

மறுநாள் கடைக்குப் போய் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அண்ணன் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். அவர் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவர் சொன்னதுல என்ன சார் இருக்கு? நீங்க கேட்ட கேள்வியிலயே ஓசி இருந்துச்சே."

அதுவரை நான் நினைத்திருந்தது, நல்ல மனசுள்ள நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சும் நன்றாக இருக்கும் என்று. இந்த விஷயம் வந்தாலே எல்லோரும் ராஜாஜி, பெரியார் நட்பைச் சொல்வார்கள். அரசியல் வாழ்க்கையின் பெரும்பகுதி எதிரெதிர் அணியில் நின்றவர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது சக்கர நாற்காலியில் வந்து கண்கலங்கினார் பெரியார். பெரிய விஷயம்தான். ஆனால் அது பல பத்தாண்டுகள் பழகிய இருவரின் நட்பு. முந்தாநாள் அறிமுகமான இரும்புக்கடை அண்ணனுக்கும் ஜவுளிக்கடை அக்காவுக்கும் அது உதவாது. அவர்களுக்கு வேண்டியது ஏற்பாடு. யார் வருகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள், கேள்வி என்ன, யார் முதலில் பேசுவது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் இரண்டு ஆண்டுகளாக மாதம் ஒரு கூட்டம் நடத்தியதில் கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: யாரையும் மாற்றப் போவதில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள்

வருகிறவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறாரோ அதே கட்சிக்குத்தான் போகும்போதும் ஓட்டுப் போடுவார். உங்களுக்கு அது சரிப்படாது என்றால் பிரச்சாரத்துக்குப் போகலாம், அதுவும் ஜனநாயகத்தில் நல்ல வேலைதான். இங்கே எதிர்பார்ப்பது அதைவிடச் சின்னது: எதிரில் இருப்பவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பதை அவரே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லத் தெரிய வேண்டும்.

நடுநிலை என்ற சொல்லையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இரண்டு கட்சிக்கும் சரிபாதி தூரத்தில் கோடு கிழித்து அதில் நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நிற்பவரைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். எதைக் கேட்டாலும் "எல்லாக் கட்சியும் ஒண்ணுதான் சார்" என்பார். அவரால் பேச்சு ஓர் அங்குலம் நகராது. தராசின் முள் நடுவில் நிற்பது இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்த பிறகுதான். சில கேள்விகளில் வைத்துப் பார்த்தபின் ஒரு பக்கம் தாழவும் செய்யும். தாழட்டும்.

இரண்டாம் படி: ஆட்களைத் தேடுங்கள்

பத்துக்குக் குறைந்தால் குடும்பப் பேச்சாகிவிடும், பதினைந்தைத் தாண்டினால் பாதிப் பேர் பார்வையாளர்கள். பன்னிரண்டு நல்ல கணக்கு.

அயர்லாந்தில் 2016-இல் மக்கள் மன்றம் ஒன்றை அமைத்தார்கள். கருக்கலைப்புச் சட்டம் அந்த நாட்டில் குடும்பங்களையே இரண்டாக்கிய விவகாரம். அதைப் பேச 99 சாதாரணக் குடிமக்களை வயது, பாலினம், ஊர், வர்க்கம் எல்லாம் கலந்துவரும்படி தேர்ந்தெடுத்தார்கள். தலைமைக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர். டப்ளினுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் வார இறுதிகளில் கூடி, வட்ட மேசைகளில் பிரிந்து உட்கார்ந்தார்கள். மேசைக்கு ஒருவர் பேச்சை ஒழுங்குபடுத்த, ஒருவர் குறிப்பெடுக்க. அவர்களுடைய பரிந்துரையைத் தொடர்ந்துதான் 2018 மே 25 அன்று வாக்கெடுப்பு நடந்தது, 66.4 சதவீதம் பேர் சட்டத்தை மாற்ற ஆதரவளித்தார்கள். முடிவு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். நான் பார்ப்பது ஆள் சேர்த்த விதத்தை. யாரும் தானாக முன்வந்து கை தூக்கியவர் இல்லை. தானாக முன்வருபவர்கள் எப்போதும் ஏற்கெனவே முடிவு செய்தவர்கள்.

நம்மிடம் அந்த வசதி இல்லை. ஆனால் நண்பர்கள் குழுவில் "வாங்க பேசலாம்" என்று ஒரு செய்தி போட்டு ஆள் சேர்க்காமல் இருக்கலாம். சலூன்காரரைக் கேளுங்கள், ஊரில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், அங்கன்வாடியில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் (ஒருவர் போதும், இரண்டு பேர் வந்தால் வகுப்பாகிவிடும்), முதல் ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகள் இரண்டு பேர். ஒரே ஒரு பெண் வந்தால் அவர் பேச மாட்டார், அல்லது எல்லாப் பெண்களுக்குமாகச் சேர்த்துப் பேச வைத்துவிடுவார்கள். நான்கு பேராவது வேண்டும். அதற்கு நேரமும் ஒத்துவர வேண்டும். மாலை ஏழு மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. எங்களுக்கு ஞாயிறு பிற்பகல் மூன்று மணி சரியாக வந்தது.

கட்சிக்காரர்களைக் கூப்பிடலாமா? கூப்பிடலாம், ஆனால் தனி ஆளாக வேண்டாம். ஒரு கட்சியில் இருந்து ஒருவர் வந்தால் மற்றொரு கட்சியில் இருந்தும் ஒருவர். ஒருவர் மட்டும் வந்தால் அவர் பதில் சொல்பவராகவும் மற்றவர்கள் விசாரிப்பவர்களாகவும் மாறிவிடுவார்கள்.

மூன்றாம் படி: மேடையை எடுத்துவிடுங்கள்

நம்முடைய அரசியல் பேச்சு மேடையில் வளர்ந்தது. அதன் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் நம்மில் எவரும் இரண்டு நிமிடத்தில் பேச்சாளர் ஆகிவிடுவோம். குரல் மாறும், "அவர்களே, அவர்களே" வந்துவிடும், கைதட்டலுக்கு இடம்விட்டுப் பேசத் தொடங்குவோம். எனவே மைக், பொன்னாடை, தலைமை, முன்னிலை எதுவும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். எல்லா நாற்காலியும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு கைவைத்த நாற்காலி இருந்தால் எப்படியும் யாரையாவது அதில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இடம் எந்தக் கட்சிக்கும், எந்தச் சாதி சங்கத்துக்கும் சொந்தமானதாக இருக்கக் கூடாது. அரசுப் பள்ளி, நூலகம் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த வாரங்களில் யார் காதிலும் எதுவும் விழாது.

நான்காம் படி: கேள்வியைச் செதுக்குங்கள்

ஜவுளிக்கடை அக்கா சொன்ன இடம் இதுதான். அதிக நேரம் செலவிட வேண்டியதும் இங்கேதான்.

ஒரு பொருளுக்கு நம் மாநிலத்தில் எத்தனை பெயர் என்று பாருங்கள். 2006-க்குப் பிறகு வீடுவீடாக வந்தது "இலவச வண்ணத் தொலைக்காட்சி". 2011-இல் ஆட்சி மாறியதும் மிக்ஸியும் மடிக்கணினியும் "விலையில்லா" ஆகின. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு வந்தது "கட்டணமில்லா" பயணம். ஆதரிப்பவர் "நலத்திட்டம்" என்பார், எதிர்ப்பவர் "ஓசி" என்பார். எந்தச் சொல்லைக் கேள்வியில் வைக்கிறீர்களோ அந்தப் பக்கத்துக்கு முதல் புள்ளியை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். "இலவசங்கள் தேவையா?" என்று கேட்டால் பேருந்தில் போகிறவர் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு பேச வேண்டியிருக்கிறது. "பெண் விடுதலைக்கான பேருந்துத் திட்டத்தை ஏன் எதிர்க்கிறார்கள்?" என்று கேட்டால் அண்ணன் கூண்டில்.

நாங்கள் மூன்றாவது கூட்டத்துக்கு எழுதிய கேள்வி இது: "பெண்களிடம் டிக்கெட் காசு வாங்காத பேருந்து வந்தபிறகு நம் ஊரில் யாருக்கு என்ன மாறியது? அந்தப் பணத்தை அரசு வேறு விதமாகச் செலவழித்திருக்கலாமா?" கொஞ்சம் நீளம்தான். ஆனால் முதல் பாதியில் அக்காவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இரண்டாம் பாதியில் அண்ணனுக்கு.

ஒரு கேள்வி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு பேரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். "இதில் உங்களைக் குத்துகிற சொல் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருவரும் "கேள்வி கொஞ்சம் சப்பென்று இருக்கிறதே" என்றால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஊர் அளவில் பார்க்கக்கூடிய விஷயமாகவும் இருக்கட்டும். பேருந்து, ரேஷன் கடை, டாஸ்மாக் இருக்கும் இடம், அரசுப் பள்ளியில் ஆங்கில வழி, ஏரி ஆக்கிரமிப்பு எல்லாம் நல்ல தொடக்கம். நீட், இட ஒதுக்கீடு, மொழி, மதம் இவற்றை நான்கைந்து கூட்டம் பழகியபின் எடுங்கள். நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பரில் கூடியது. ஆட்சி மொழிக்கு ஒரு வழி கண்டது 1949 செப்டம்பர் 14 அன்று, வேலை முடியப்போகும் நேரத்தில். எண்களை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதுவரைக்கும் சண்டை. அதற்கு முன்னால் ஏறக்குறைய மூன்று ஆண்டு ஒன்றாக உட்கார்ந்து பழகியிருந்ததால்தான் அந்த விவாதத்தைத் தாங்க முடிந்தது என்பது என் எண்ணம். தள்ளிப்போட்டதால் தீர்ந்துவிட்டதா என்றால், 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நமக்கு மறக்கவில்லை. ஆனாலும் முதல் நாளே எடுத்திருந்தால் சபை அன்றே கலைந்திருக்கும்.

ஐந்தாம் படி: விதி நான்கு, அதற்கு மேல் வேண்டாம்

விதிகளை நான் கண்டுபிடிக்கவில்லை, தேர்தல் நடத்தை விதிகளில் இருந்து எடுத்துக்கொண்டேன். 1960-இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலுக்காக உருவானவை, பிறகு நாடு முழுக்கப் பரவின. மற்ற கட்சியை விமர்சிக்கும்போது அதன் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல் இவற்றோடு நிற்க வேண்டும், தலைவர்களின் சொந்த வாழ்க்கைக்குள் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. மேடையில் யாரும் பின்பற்றுவதில்லை என்பது வேறு கதை. பன்னிரண்டு பேர் அறையில் பின்பற்ற முடிகிறது.

எங்கள் அட்டையில் இருப்பவை: ஒருவர் பேசும்போது மற்றவர் பேச வேண்டாம், ஒருவருக்கு மூன்று நிமிடம். திட்டத்தைப் பேசுவோம், தலைவரின் வீட்டைப் பேச வேண்டாம். "உங்க ஆளுங்க" என்ற சொல் கிடையாது. இங்கே பேசியதைப் பெயரோடு வெளியே கொண்டுபோக வேண்டாம், ரெக்கார்டிங்கும் வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். "உங்க ஆளுங்க" என்று சொன்ன நொடியில் எதிரில் இருப்பவர் தன் கருத்தை விட்டுவிட்டு ஒரு கூட்டத்துக்கே வக்கீலாகிவிடுகிறார்.

ஆறாம் படி: கருத்துக்கு முன்னால் அனுபவம்

முதல் சுற்றில் யாரும் ஆதரவு, எதிர்ப்பு சொல்லக் கூடாது. கேள்வி அவர் வாழ்க்கையில் எங்கே படுகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். வயதில் சின்னவரில் இருந்து தொடங்குங்கள். பெரியவர் பேசி முடித்தால் நம் ஊரில் பிள்ளைகள் "ஆமாங்கய்யா" என்று நிறுத்திவிடுவார்கள்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அமெரிக்காவின் மியாமியில் திருநர் உரிமை பற்றி வீடுவீடாகப் போய் சுமார் பத்து நிமிடம் பேசிப் பார்த்தார்கள். புள்ளிவிவரம் அடுக்காமல், "உங்களை யாராவது வித்தியாசமாக நடத்தியது உண்டா?" என்ற மாதிரிக் கேட்டு, வீட்டுக்காரரின் சொந்த அனுபவத்தைப் பேச வைத்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மனத்தடை குறைந்தது மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தது.

எங்கள் கூட்டத்தில் அக்கா சொன்னது: கடையில் இருந்து வீடு பதினொரு கிலோமீட்டர். முன்பெல்லாம் மாதக் கடைசியில் பஸ் காசுக்கு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், அவர் கணக்குக் கேட்பார். இப்போது கேட்பதில்லை. அண்ணன் சொன்னது: அவருடைய கடைக்கு வரும் பையன் ஐந்தே கால் பஸ்ஸை நம்பி வருகிறான், அந்த பஸ் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. யாரும் யாரையும் மறுக்கவில்லை. இந்த இரண்டில் எதை மறுக்க முடியும்?

ஏழாம் படி: பரபக்கம்

எதிராளியின் வாதத்தை முதலில் எடுத்துச் சொல்வதற்கு நம் மரபிலேயே பெயர் இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் அதை இரண்டாகப் பிரித்தார். முதலில் பரபக்கம்: பிற சமயத்தார் என்ன சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பிறகு மறுக்கிறார். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அதற்கு அப்புறம்தான். மறுப்பு காட்டமாகவே இருக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எதிராளியின் வாதத்தைச் சொல்லாமல் மறுக்க வழியில்லை என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது.

நாங்கள் செய்வது இதுதான். இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவரும் தனக்கு ஒப்பாத தரப்பை இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கிண்டல் கூடாது. சொல்லி முடித்ததும் அந்தத் தரப்பைச் சேர்ந்தவர் மதிப்பெண் போடுவார்: "சரி", "முக்கால்", "அரை". அரை வாங்கினால் திரும்பச் சொல்ல வேண்டும்.

அண்ணன் எழுந்து, இல்லை, உட்கார்ந்தபடியேதான், ஆரம்பித்தார். "பெண்களுக்குக் காசு மிச்சமாகுது. அதனால சந்தோசம்." அக்கா தலையை ஆட்டினார். "அரை." கூட்டம் சிரித்தது, அண்ணனும் சிரித்தார். மறுபடி யோசித்து, "காசுகூட இல்ல. யார்கிட்டயும் கேட்காம வீட்டை விட்டுக் கிளம்பலாம். அதான விஷயம்?" என்றார். அக்கா "முக்கால்" என்றார். மிச்சக் கால் என்ன என்று கேட்டதற்கு, "ஓசின்னு சொன்னீங்களே, அதுக்குப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.

அப்புறம் அக்கா அவர் தரப்பைச் சொன்னார். டிக்கெட் வருமானத்துக்குப் பதிலாக அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கும் பணம் வரிப் பணம்தான். அதைக் கொண்டு பஸ்ஸின் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பயன்பட்டிருக்கும். வராத பஸ்ஸில் டிக்கெட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அண்ணன் முழு மதிப்பெண் கொடுத்தார். "நான்கூட இவ்வளவு நல்லா சொன்னதில்ல" என்றும் ஒத்துக்கொண்டார். இருவரும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எட்டாம் படி: தகவல் சண்டையைத் தாளில் ஏற்றுங்கள்

"அந்தத் திட்டத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி" என்று ஒருவர் சொல்வார், "பொய்" என்பார் இன்னொருவர், உடனே ஆறு போன்கள் வெளியே வரும். போனைத் தொட வேண்டாம். "சரிபார்க்க வேண்டியவை" என்று ஒரு தாளில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். பட்ஜெட் உரை, துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு, தணிக்கை அறிக்கை, வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் எல்லாமே பொதுவில் கிடைக்கின்றன. எதிரெதிர்த் தரப்பில் இருந்து ஒவ்வொருவராக இரண்டு பேர் சேர்ந்து பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும். சேர்ந்து பார்ப்பதுதான் இதில் சூட்சுமம். ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் யாரும் நம்புவதில்லை.

ஒன்பதாம் படி: சூடு ஏறும்போது

நடத்துபவரைத் தமிழில் நடத்துநர் என்று சொன்னால் பேருந்துதான் நினைவுக்கு வரும். நினைவுக்கு வரட்டும், வேலையும் அதுதான். வண்டி எங்கே போக வேண்டும் என்று நடத்துநர் முடிவு செய்வதில்லை. யார் ஏறினார், யாருக்கு இடமில்லை, யார் இறங்க வேண்டும் என்று பார்த்து விசில் கொடுக்கிறார்.

குரல் உயர்ந்தால் "அமைதி, அமைதி" என்று நீங்களும் கத்த வேண்டாம். பேசியவரிடமே திரும்பி, "அண்ணே, இதுல உங்களுக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம் எது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் திட்டத்தைவிட, அதன் பெயரில் எங்கோ பட்ட ஓர் அவமானம் வெளியே வரும். ஒருவர் நிறுத்தாமல் பேசினால், "சார், நீங்க சொன்னதுல ரெண்டாவது விஷயத்தை எழுதிக்கிட்டேன், அதுக்கு அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்போமா?" என்று எழுதிய தாளைக் காட்டுங்கள். எழுதிவிட்டார்கள் என்று தெரிந்தால் மனிதர் அடங்கிவிடுகிறார்.

ஓர் எல்லை உண்டு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசினாலோ, ஒரு மதத்தினருக்கு இந்த ஊரில் இடமில்லை என்ற தொனி வந்தாலோ, அதற்குப் பரபக்கம் கிடையாது. அங்கே கூட்டத்தை நிறுத்தி, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் அவர் கிளம்ப வேண்டும். நாகரிகம் என்ற பெயரில் இதைச் சமாளித்துக்கொண்டு போனால், அடிபட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். அப்புறம் உங்கள் வட்டத்தில் மிஞ்சுவது ஒரே மாதிரி ஆட்கள்தான்.

பத்தாம் படி: பேச்சை எங்கே கொண்டுபோவது

வாக்கெடுப்பு எடுக்காதீர்கள். எடுத்தால் வென்ற கட்சி, தோற்ற கட்சி ஆகிவிடும். எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: ஐந்தே கால் பஸ் தினமும் வர வேண்டும்.

அதைக் கிராம சபைக்குக் கொண்டுபோனோம். அது கூடுவதற்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த நாட்களோடு 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. இத்தனை பேராவது வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு உண்டு: 500 வரை மக்கள்தொகை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கூட்டப் பதிவேட்டில் தீர்மானம் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபைக் கூட்டம் இருக்கிறது. அண்ணனும் அக்காவும் அடுத்தடுத்து நின்று ஒரே தீர்மானத்துக்குப் பேசியதைப் பார்த்து, யார் எந்தக் கட்சி என்று தெரிந்த ஊராட்சிக்காரர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போனார்கள். பஸ் இப்போது வாரத்தில் ஆறு நாள் வருகிறது.

கடைசியாக, அடுத்த கூட்டம்

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் அதில் தேதியும் இடமும் மட்டும் போடுங்கள். பார்வர்டு ஒன்று வந்தால்கூட அட்மின் நீக்கிவிட வேண்டும். ஒரு மாதம் கட்டியதை ஒரு இரவில் இடித்துவிடும்.

இரண்டாவது கூட்டத்துக்கு எங்களுக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். உங்களுக்கும் குறையும். குழுவில் செய்தி போட்டுவிட்டு உட்காராமல் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள். போன முறை கோபமாக எழுந்து போனவர் இருந்தால் அவரை முதலில் கூப்பிடுங்கள், போனில் இல்லாமல் நேரில். எத்தனை டீ என்று கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வடையை மட்டும் ஆள் வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம்.